வலிப்பு மருந்துக்கு ஜெனரிக் விலை மட்டும்தான் தருவார்களாம், என்ன செய்யலாம்?

வணக்கம். என் தங்கைக்கு வலிப்பு நோய். லாமோட்ரிஜின் மாத்திரையை ஒரே பிராண்டில் சாப்பிடுகிறாள். 2 வருஷமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. அவளுடைய தனியார் இன்சூரன்ஸில் இப்போது விதியை மாற்றிவிட்டார்கள். ஜெனரிக் (அதே மருந்தை வேறு கம்பெனிகள் பிராண்ட் பெயரில்லாமல் மலிவாக விற்பது) விலை வரைக்கும்தான் தருவார்களாம். பிராண்டே வேண்டுமென்றால் மீதியை நாங்கள் கட்ட வேண்டும். அந்த மீதி, வருஷத்துக்கு நாங்கள் கையிலிருந்து கட்டும் தொகைக்கு உள்ள உச்சவரம்புக் கணக்கிலும் சேராது என்று பாலிசியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

ஜெனரிக் மட்டம் என்று சொல்லவில்லை. மூலமருந்தும் அளவும் அதேதான். நான் சாப்பிடும் மெட்ஃபார்மின் (சர்க்கரை மருந்து) ஜெனரிக்தான், ஒரு குறையும் இல்லை. ஆனால் வலிப்பு மருந்து ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலே சிலருக்கு ஆபத்து. ஒருமுறை வேறு கம்பெனி மாத்திரை கிடைத்தபோது, நிறம் மாறியிருந்ததால் மருந்தே தப்பு என்று நினைத்து இரண்டு வேளை விட்டுவிட்டாள். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

'மாற்றித் தரக் கூடாது' என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அது போதாதாம், மருத்துவக் காரணத்தோடு தனிப் படிவம் வேண்டுமாம்.

இப்படி விதிவிலக்கு வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். டாக்டர் கடிதத்தில் என்ன எழுதினார்? ரத்தத்தில் மருந்தளவு பார்த்த ரிப்போர்ட்டையும் வைத்தீர்களா? முதலில் ஜெனரிக்கைச் சாப்பிட்டு, ஒத்துவரவில்லை என்று காட்டச் சொன்னார்களா? அதைத்தான் ரொம்பப் பயப்படுகிறேன். மாறித்தான் ஆக வேண்டுமென்றால், மாதாமாதம் ஒரே கம்பெனி ஜெனரிக்கே கிடைக்க மருந்துக்கடையில் எப்படிக் கேட்பது?

கையில் 12 நாளைக்குத்தான் மாத்திரை இருக்கிறது.