ரீஃப் தொட்டி முழுக்க அய்ப்டேசியா: எப்படி ஒழிக்கிறது?

முத்தியால்பேட்டை_ரீஃப்:
வணக்கம், புதுச்சேரியில இருந்து எழுதுறேன். மூணடி ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி. ஒரு ஜோடி க்ளவுன் மீன், பவள வகையில கொஞ்சம் ஸோவான்திட் (சுருக்கமா ஸோவா), மஷ்ரூம், ஒரு லெதர். புதுசா வாங்கின ஸோவா துண்டை ஒட்டியிருந்த அடிக்கட்டையில பழுப்பு நிறத்துல ஒரு அய்ப்டேசியா, அதான் களை மாதிரி பெருகுற அந்தக் கடல் அனிமோன், ஒட்டிக்கிட்டு வந்தது. இப்ப பாறை இடுக்கு, ஓவர்ஃப்ளோ பெட்டி, பம்ப் வாய்னு எங்க பார்த்தாலும் அதுதான். மெல்லிசான தண்டு, மேல விரிஞ்ச கூரான கைகள், பார்க்க பனங்கன்று மாதிரி. குச்சியைக் கிட்ட கொண்டு போனா சட்டுனு ஓட்டைக்குள்ள இழுத்துக்குது. அதை ஒட்டி இருக்கிற ஸோவாக்கள் விரியவே மாட்டேங்குது. ராத்திரி டார்ச் அடிச்சா, ரெண்டு பக்கமும் வெள்ளை முடி வெச்ச புழு வேற பாறைக்கு அடியில ஓடுது. கத்தியால சுரண்டிடலாமா? பாறையை எடுத்து வெந்நீர்ல போட்டா என்னன்னு வீட்டுல கேக்குறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடலூர்_ஓடி:
தம்பி, முதல்ல வெந்நீர் யோசனையை விடுங்க. ஸோவான்திட்ல பேலிடாக்சின்கிற விஷம் இருக்கலாம். கொதிக்க வெச்சாலும் அது அழியாது. அப்படிப் பாறையை வேக வெச்சு, ஆவியைச் சுவாசிச்சு, குடும்பத்தோட ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க வெளிநாட்டுல இருக்காங்க. அடுப்பு பக்கமே கொண்டு போகக் கூடாது.

சுரண்டவும் கூடாது. அய்ப்டேசியாவோட அடிப்பாதத்துல ஒரு துணுக்கு பாறையில ஒட்டி நின்னாலும் அதுல இருந்து புதுசா ஒண்ணு முளைக்கும். ஒண்ணைச் சுரண்டினா நாலைஞ்சு கிளம்பும்.

கைக்கு எட்டுறதுக்கு கால்சியம் ஹைட்ராக்சைடு (நீத்த சுண்ணாம்புத் தூள்) போதும். ஆர்.ஓ. தண்ணியில கெட்டிப் பசையா குழைச்சு, ஊசி மாட்டாத சிரிஞ்சில எடுத்துக்குங்க. ஊசி போட்டா அடைச்சுக்கும். எல்லா பம்பையும் நிறுத்திட்டு, முதல்ல அது மேல ரெண்டு துளி ஆர்ட்டீமியா (மீனுக்குத் தீனியா போடுற பொடி உப்புநீர் இறால்) விடுங்க. கைகளை உள்ள மடக்கி, நடுவுல வாய் மெல்லப் பிளக்கும். அந்த நேரம் பார்த்து, தொடாம, வாய் மேலயே பசையை இறக்குங்க. வெள்ளையா மூடிக்கும், சுருங்கும், அப்புறம் பழுப்பா கரையும். அரை மணி நேரம் கழிச்சு பம்பைப் போடுங்க.

ஒரே நாள்ல எல்லாத்துக்கும் வைக்காதீங்க. தொட்டியோட பி.எச். (தண்ணியோட அமில-கார அளவு) எகிறிடும். தினம் நாலைஞ்சு போதும், காலையில லைட் போடுறதுக்கு முன்னாடி, அப்பதான் பி.எச். குறைவா இருக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், கண்ணுல பட்டா ஆபத்து.

லாஸ்பேட்டை_கடல்:
வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு ஆகாதா அண்ணா? அப்புறம், பெப்பர்மின்ட் இறால் விட்டா இதைத் தின்னுடும்னு சொல்றாங்களே?

கடலூர்_ஓடி:
வெத்தலைச் சுண்ணாம்பு வேணாம். சிலதுல கலரும் வாசனையும் கலந்திருக்கும், திறந்து கிடந்ததுன்னா காத்துப் பட்டு கார்பனேட்டா மாறி வீரியம் போயிருக்கும். சுத்தமான தூளா வாங்குங்க.

இறால் நல்ல வழிதான், ஆனா பார்த்து வாங்கணும். பெப்பர்மின்ட்னு கேட்டா சில இடத்துல ஒட்டக இறாலைக் குடுத்துடுறாங்க. முதுகுல கூன், பெரிய கண்ணு, சிவப்பு உடம்புல பளிச்சுனு வெள்ளைக் கோடும் புள்ளியும் இருந்தா அது ஒட்டகம். அது ஸோவாவையும் மஷ்ரூமையும்தான் தின்னும். பெப்பர்மின்ட்டுக்கு உடம்பு கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், நீளவாக்குல மெல்லிசா சிவப்புக் கோடு. நிஜ பெப்பர்மின்ட்டும் தாராளமா தீனி கிடைச்சா அய்ப்டேசியாவைத் தொடாது. தீனியைக் குறைங்க, மிச்சத் தீனியிலதான் அய்ப்டேசியாவும் பெருகுது.

காப்பர்பேண்ட் மீனும் இதைத் தின்னும். மூணடித் தொட்டிக்கு அது வேணாம், பாவம் பட்டினி கிடந்து சாகும்.

பெரியகாலாப்பட்டு:
புழுவைப் பத்திக் கவலையே வேண்டாம். பிரிஸில் வோர்ம். பெரும்பாலும் மிச்சம் மீதியைத் தின்னு சுத்தம் பண்றதுதான். வெறும் கையால மட்டும் தொடாதீங்க. முடி குத்திடுச்சுன்னா செலோ டேப் ஒட்டி உரிச்சு எடுங்க.

பாறையே மாத்திடலாம்னு நினைச்சு ராமேஸ்வரம் பக்கத்துப் பவளக்கல்லைத் தேடிப் போயிடாதீங்க. 2001லயே கல் பவளம் எல்லாத்தையும் வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க, செத்த பவளமும் அதுல அடக்கம். மாத்தணும்னா செராமிக் பாறை வாங்குங்க.

முத்தியால்பேட்டை_ரீஃப்:
ரொம்ப நன்றி, வெந்நீர் விஷயத்தை வீட்டுல படிச்சே காட்டிட்டேன். ஒரு சந்தேகம்: ஸோவா கூட்டத்துக்கு நடுவுலயே ரெண்டு முளைச்சிருக்கு. அங்க பசை வெச்சா ஸோவா வெந்துடாதா அண்ணா?

கடலூர்_ஓடி:
வெந்துடும். அந்தத் துண்டை மட்டும் ஒரு மக்ல தொட்டித் தண்ணியோட வெளிய எடுங்க. அய்ப்டேசியா உள்ள இழுத்துக்கிட்டதும், அந்த ஓட்டை மேல சூப்பர் க்ளூ ஜெல்லை வெச்சு அடைச்சிடுங்க. பக்கத்து ஸோவா மேல படாம பார்த்துக்கணும். அடுத்த வாரம் ஜெல் ஓரத்தைப் பாருங்க, சில நேரம் பக்கவாட்டுல எட்டிப் பார்க்கும், திரும்ப அடைங்க. அடிக்கட்டையைக் கழட்ட முடிஞ்சா கழட்டி வீசிட்டு, ஸோவாவைப் புதுக் கட்டையில ஒட்டுங்க. அதுக்கும் கையுறை, கண்ணாடி ரெண்டும் வேணும். வெட்டும்போது ஸோவா பீச்சுற தண்ணியிலயும் அந்த விஷம் இருக்கலாம்.