யங் விதியா, கௌலிங் விதியா: குழந்தைக்கான மருந்தளவில் எது சரி?

கேள்வி (கணித ஆசிரியர்):
பெரியவர்களுக்கான மருந்தளவிலிருந்து குழந்தைக்கான அளவைக் கணக்கிடும் இரு சூத்திரங்களை இயற்கணித வகுப்பில் எடுத்துக்காட்டாகத் தந்தேன். வயதை 'வ' என்று கொண்டால், யங் விதி பெரியவர் அளவை வ/(வ+12) ஆலும் கௌலிங் விதி (வ+1)/24 ஆலும் பெருக்கச் சொல்கின்றன. 500 மில்லிகிராம் மருந்தை நான்கு வயதுக்குக் கணக்கிட்டால் ஒன்றில் 125, மற்றதில் ஏறத்தாழ 104 வருகிறது. "என் தம்பிக்கு எதைக் கொடுக்க வேண்டும், ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள்; என்னிடம் விடையில்லை.

பதில் 1:
இரண்டையும் சமப்படுத்தினால் வ² − 11வ + 12 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும்; அதன் மூலங்கள் ஏறத்தாழ 1.2, 9.8. இந்த இரு வயதுகளுக்கும் இடையில் யங் விதி கூடுதலான அளவைத் தரும். கணக்காக இது அருமையானது.

பதில் 2 (மருந்தாளுநர்):
அந்த மாணவியிடம், இரண்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே வயதுக் குழந்தைகளின் எடை பெரிதும் வேறுபடும் என்பதால், இன்று பெரும்பாலான மருந்துகளின் அளவு எடையைக் கொண்டே முடிவாகிறது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 180. அது 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 7.5 மில்லிலிட்டர், 250 உள்ளதில் 3.6 மில்லிலிட்டர். புட்டியைப் பார்க்காமல் பழைய அளவையே ஊற்றினால் இரு மடங்குக்கு மேல் போய்விடும். நான் மிகவும் அஞ்சுவது இந்தத் தவற்றைத்தான். எடைக் கணக்குக்கும் எல்லை உண்டு: பச்சிளங்குழந்தையின் கல்லீரல் முதிராததால் குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து உடலில் தேங்கி, உடல் சாம்பல் நிறமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எடையையும் சிரப்பின் செறிவையும் கொடுத்து மில்லிலிட்டரைக் கேட்பதாக வினாவை மாற்றிவிட்டேன். விடையை அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தச் சொல்லலாமா?

பதில் 2 (மருந்தாளுநர்):
வேண்டாம். 3.6ஐ 4 ஆக்கினால் 200 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 15ஐத் தாண்டிவிடும். மேல்வரம்பைக் கணக்கிடும்போது கீழ்நோக்கியே திருத்த வேண்டும். வீட்டுக் கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், கோடிட்ட ஊசியில்லாச் சிரிஞ்சில் 3.5 மில்லிலிட்டர் அளந்து காட்டுங்கள்.