சிக்னல், பஸ் ஸ்டாப், ஜங்ஷன்: மனசை விட்டுப் போகாத ஒரு நாளைச் சொல்லுங்க

பாதிச்சாலை

நானே ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு 74 வயசு, முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம். டாக்டரைப் பார்க்கணும்னா அந்தப் பெரிய ஜங்ஷனைத் தாண்டித்தான் ஆகணும். பச்சை மனுஷன் எரிஞ்ச பிறகுதான் இறங்கினோம். யாராவது கேப்பீங்கன்னு முதல்லயே சொல்லிடறேன்.

பாதி கூட தாண்டல, எண் ஓட ஆரம்பிச்சிருச்சு. 7, 6, 5. அம்மா அதைப் பார்த்துட்டாங்க. பார்த்ததும் கால் அடுத்த அடிக்கு எழும்பவே இல்லை. நடுவுல இருக்கற திட்டு ஒரு ஆள் நிக்கற அகலம்தான். அம்மாவை அதுல ஏத்திட்டு நான் கீழ சாலையிலயே நின்னேன். ஒரு பஸ் எங்களை ஒட்டிப் போச்சு. அந்தக் காத்துல அம்மா கையில இருந்த எக்ஸ்ரே கவர் படார்னு விரிஞ்சு என் முகத்துல அடிச்சது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தா, என் மணிக்கட்டுல அவங்க நகம் நாலும் பதிஞ்சிருக்கு.

"நான்தான் மெதுவா நடந்துட்டேன்டா"ன்னாங்க, தப்பு பண்ணின குழந்தை சொல்ற மாதிரி. ரெண்டு வாரம் ஆச்சு, அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகல.

---

ஜன்னலோர சீட்

எனக்கு பஸ். எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். 35 நிமிஷம் ஒரு பஸ்ஸும் இல்லை, அப்புறம் ஒரே நம்பர்ல மூணு, ஒண்ணு பின்னால ஒண்ணா. முதல் டிரைவர் கட்டை விரலைப் பின்பக்கம் காட்டிட்டுப் போயிட்டார். ரெண்டாவதுகாரரும் அதேதான். மூணாவது, ஸ்டாப்பைத் தாண்டி அரை பர்லாங் தள்ளி நின்னுச்சு. ஓடினேன். கதவு மூடிருச்சு. கண்ணாடியில உள்ளங்கையை வச்சுத் தட்டினேன், பஸ் நகர்ந்துடுச்சு. தூசி படிஞ்ச கண்ணாடியில என் அஞ்சு விரலும் பதிஞ்சு, அந்தத் தடம் பஸ்ஸோட போனதைப் பார்த்துட்டே நின்னேன். உள்ள சீட் காலியா இருந்துச்சுங்க!

பொண்ணை காப்பகத்துல இருந்து கூட்டிட்டு வரணும். நான் போய்ச் சேர்ந்தப்ப மத்த பிள்ளைங்க எல்லாம் போயாச்சு. இவ மட்டும் பையை முதுகுல மாட்டிக்கிட்டு வாசப்படியில உக்காந்திருந்தா. டிரைவருங்க பேசி வச்சுக்கிட்டு ஒண்ணா வராங்கன்னுதான் எனக்குத் தோணுது. இல்லைன்னா தினமும் எப்படி இப்படி?

---

டெப்போ வாசம்

ஜன்னலோர சீட் தங்கச்சிக்கு. 22 வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். பேசி வச்சுக்கிட்டெல்லாம் யாரும் வர்றதில்லைம்மா. முன்னால போற பஸ்ஸுல இருக்கறவனுக்கு அது நரகம்.

10 நிமிஷத்துக்கு ஒரு பஸ்னு வச்சுக்கோங்க. முன்னால போறவன் ஒரு சிக்னல்ல ரெண்டு நிமிஷம் மாட்டிட்டான். அந்த ரெண்டு நிமிஷத்துல அடுத்த ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்த கூட்டமும் அவனுக்குத்தான். ஒரு ஆள் ஏற ரெண்டு மூணு செகண்டுதான், ஆனா பத்துப் பேர் கூடுதலா ஏறினா இன்னும் அரை நிமிஷம் போச்சு. அதனால அதுக்கு அடுத்த ஸ்டாப்புல கூட்டம் இன்னும் அதிகம். அவன் எவ்வளவு லேட்டோ அவ்வளவு கூட்டம், எவ்வளவு கூட்டமோ அவ்வளவு லேட். பின்னால வர்றவனுக்கோ ஸ்டாப்பெல்லாம் காலி. நிக்க வேலையில்லை, தானா வந்து ஒட்டிக்கிறான். நியூவெல், பாட்ஸ்னு ரெண்டு பேர் 1964-லயே இதைக் கணக்காப் போட்டு எழுதிட்டாங்கன்னு டிரெய்னிங்ல ஒரு இன்ஜினியர் சொன்னார். டைம் டேபிளை எவ்வளவு நல்லா போட்டாலும் சரி, ஒரு சின்னத் தாமதம் போதும், அது தானாவே வளரும்னார்.

மருந்து இல்லாம இல்லை. நடுவுல ஒரு இடத்துல பின்னால வர்ற பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கணும். மணியைப் பார்த்து விடாம, முன்னால போன பஸ்ஸுக்கும் இதுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து விடணும். அப்படி நிறுத்தினா உள்ள உக்காந்திருக்கறவங்க சும்மா இருப்பாங்களா? "ஏன்யா சும்மா நிக்கிறே"ன்னு பஸ்ஸைத் தட்டுவாங்க. நான் வாங்கின திட்டுல பாதி அதுக்குத்தான். இன்னொண்ணு, உங்க மாதிரி அவசரத்துல இருக்கறவங்க முதல் பஸ்ஸை விட்டுட்டு ரெண்டாவதைக் குறி வைங்க. ஸ்டாப்போட கடைசிப் பக்கமா நில்லுங்க, பின்னால வர்ற பஸ் அங்கதான் நிக்கும். இருட்டுல நின்னா போனோட விளக்கைக் காட்டுங்க, ஆனா டிரைவர் கண்ணுல அடிக்காதீங்க.

என் கதை சின்னது. மழை நாள், பஸ் பிதுங்கி வழியுது. கண்ணாடியில ஒரு பெரியவர் குடையை மடக்கக் கூட நேரம் இல்லாம ஓடி வர்றார். பின்னால இன்னொரு வண்டி வருதுன்னு எனக்குத் தெரியும். விரலைக் காட்டிட்டு எடுத்துட்டேன். அந்தப் பின் வண்டி பாதி வழியில பிரேக்டவுன் ஆகி நின்னது சாயங்காலம் டெப்போவுலதான் தெரிஞ்சுது. அதுக்கு அப்புறம் அன்னிக்கு ஒன்றரை மணி நேரம் அந்த ரூட்ல வண்டியே இல்லை. அவர் எவ்வளவு நேரம் நின்னாரோ.

---

ஜன்னலோர சீட்

அண்ணே, நீங்க சொன்ன கணக்கு புரியுது. ரெண்டு பஸ் நிறைஞ்சிருந்தது, சரி. மூணாவது காலியாத்தான் இருந்துச்சு, அது ஏன் நிக்கல? அதுக்கு 1964-ல யாராவது எழுதியிருக்காங்களா? கூட்டத்துல தனி ஆளா நிக்கறவ முகத்தைப் பார்க்காமப் போறது கணக்குல வராதுண்ணே.

---

டெப்போ வாசம்

வராது தங்கச்சி. அது தப்புதான்.

---

ரெண்டு சக்கரம்

டெப்போ அண்ணே, நீங்க அந்தப் பெரியவரைக் கண்ணாடியில பார்த்தீங்க. என்னைப் பார்க்கவே இல்லை ஒருத்தர்.

சைக்கிள்ல ஜங்ஷன்ல நிக்கிறேன், பக்கத்துல பஸ். பச்சை விழுந்ததும் பஸ்ஸோட மூஞ்சி நேரா நடு ஜங்ஷன் வரைக்கும் போச்சு. நேரா போகுதுன்னு நினைச்சு நானும் மிதிச்சேன். அது திரும்புது! முன்பக்கம் எங்கேயோ தள்ளி இருக்கு, ஆனா பஸ்ஸோட வயிறு என் மேல சாஞ்சு வருது. பின் சக்கரத்து நட்டு எல்லாம் என் முட்டிக்கு ஒரு ஜாண் தள்ளி சுத்திச்சு. ஒவ்வொரு நட்டுலயும் கிரீஸ் கறுப்பா வழிஞ்சிருந்தது, அது கூட ஞாபகம் இருக்கு. சைக்கிளை விட்டுட்டு நடைமேடை மேல குதிச்சேன். பின் சக்கர ரிம் எட்டு மாதிரி வளைஞ்சு போச்சு. பஸ் நிக்கவே இல்லை. அவருக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது.

அப்புறம்தான் விசாரிச்சேன். நீள வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தோட தடத்துல வராதாம், உள்பக்கமா அறுத்துட்டு வருமாம். அதனாலதான் டிரைவர் முதல்ல நேரா விட்டு, அப்புறம் ஒடிக்கிறார். வளைவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல அவ்வளவு இடம் காலியா இருக்கேன்னு நாம நுழையற இடம் இருக்கே, அது பின் சக்கரம் வந்து நிரப்பப் போற இடம்.

---

டெப்போ வாசம்

தம்பி, நீங்க நின்ன இடம் கண்ணாடிக்குத் தெரியாது. டிரைவர் முகம் உங்களுக்கு அந்தக் கண்ணாடியில தெரிஞ்சாதான் நீங்க அவருக்குத் தெரிவீங்க. தெரியலைன்னா பின்னாலயே நின்னுடுங்க.

---

நாலாம் மாடி

எனக்கும் ஒரு ஜங்ஷன்ல அரை மணி நேரம் போயிருக்கு, அதை விடுங்க. பாதிச்சாலை சார், உங்களுக்குச் சொல்றேன். அந்த வயசுல அவங்களை நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போகவே கூடாது. வாசல்ல இருந்து வாசலுக்கு டாக்சி வச்சுக்கோங்க. முடியலைன்னா ஜங்ஷன்ல கடக்காதீங்க, நூறு அடி தள்ளி வண்டி ரெண்டு பக்கத்துல இருந்து மட்டும் வர்ற இடத்துல கடங்க. ஜங்ஷன்ல திரும்பற வண்டியையும் சேர்த்துப் பார்க்கணும், கழுத்து எந்தப் பக்கம்னு திரும்பும்? நடை மேம்பாலம் இருந்தா அதுல ஏறுங்க. காலை ஒன்பதுக்கு முன்னாலயோ மதியமோ டாக்டர்கிட்ட நேரம் கேளுங்க. பளிச்சுன்னு சட்டை போடுங்க, ரெண்டு பேரும். கையைப் பிடிக்கிறதை விட முழங்கைக்கு மேல பிடிச்சா நல்ல பிடிமானம். எக்ஸ்ரே மாதிரி அகலமான பொருளைக் கையில வச்சுக்கக் கூடாது, சுருட்டிப் பையில போடணும்.

---

பாதிச்சாலை

சார், நல்ல எண்ணத்துல சொல்றீங்க. ஆனா மேம்பாலத்துக்கு 42 படி, எண்ணிட்டேன். முழங்கால் ஆபரேஷன் ஆனவங்க அதுல ஏறணுமா? அப்புறம், டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கார். அம்மா தெருவுக்கு வரக்கூடாதுங்கறது தீர்வு இல்லையே.

---

ஆம்பர் 3

சிக்னல் நேரம் போடற வேலையில இருந்திருக்கேன், அதனால பாதிச்சாலை சொன்னது எனக்கு உறைக்குது. நடக்கறவங்களுக்கு எத்தனை செகண்ட்னு போட, ஒரு ஆள் செகண்டுக்கு சுமார் 1.2 மீட்டர் நடப்பார்னு எடுத்துக்கறது பல இடத்துல வழக்கம். 18 மீட்டர் சாலைன்னா 15 செகண்ட் வரும். முழங்கால் ஆபரேஷன் ஆனவங்க அதுல பாதி வேகம்னா 30 செகண்ட் வேணும். உங்க அம்மா மெதுவா நடக்கல. அந்தக் கணக்கு அவங்களை நினைச்சுப் போட்டதே இல்லை. அவங்ககிட்ட இதை அப்படியே சொல்லுங்க, தயவு செஞ்சு.

சிங்கப்பூர்ல 2009-ல ஒரு ஏற்பாடு கொண்டு வந்தாங்க. முதியவங்க தங்களோட அட்டையைக் கம்பத்துல காட்டினா பச்சை சில செகண்ட் கூடுதலா எரியும். பெரிய தொழில்நுட்பம் ஒண்ணும் இல்லை. இன்னொரு விஷயம், 1868-ல லண்டன் பார்லிமென்ட் பக்கத்துல உலகத்தோட முதல் தெரு சிக்னலை வச்சப்ப தெருவுல மோட்டார் காரே கிடையாது. குதிரை வண்டிக்கு நடுவுல மனுஷங்க நடந்து கடக்கறதுக்காக வச்சது. கேஸ் விளக்கு, அடுத்த வருஷமே வெடிச்சுப் போச்சு. ஆனா யாருக்காக வந்ததுன்னு நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்.

என் அனுபவம்னு தனியா இல்லை. நான் நேரம் போட்ட ஒரு ஜங்ஷன்ல, வேலையை விட்ட பிறகு, கால்ல கட்டோட ஊன்றுகோல் வச்சு நானே கடந்தேன். எனக்கும் பத்தல.

---

விரல் நுனி

எனக்குப் பார்வை கிடையாது. இதைப் போன் படிச்சுக் காட்டக் கேட்டுட்டு, பேசி எழுதறேன்.

எங்க ஜங்ஷன்ல பச்சைக்கு ஒரு சத்தம் வரும். அது கெட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. அதனால வண்டிச் சத்தத்தை வச்சே கடப்பேன். எனக்கு இணையா ஓடற வண்டி கிளம்பற சத்தம் வந்தா நான் இறங்கலாம். அன்னிக்கு அதுக்காகத்தான் நின்னு கேட்டுட்டு இருந்தேன். யாரோ ஒருத்தர் ஒரு வார்த்தை பேசாம என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், "வந்தாச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். எந்தப் பக்கம் வந்தேன்னு எனக்குத் தெரியல! நாலு மூலையில எந்த மூலை? நான் கடக்கப் போனது அந்தச் சாலையே இல்லை. நின்ன இடத்துலயே ஒரு சுத்து சுத்தினேன், திசை மொத்தமா போச்சு. ஒரு பேக்கரி வாசனைதான் எப்பவும் எனக்கு அடையாளம், அன்னிக்குக் காத்தும் இல்லை. இருபது நிமிஷம் அங்கேயே நின்னேன்.

உதவி பண்ண வந்தவர்தான், கோபப்பட முடியல. "எங்க போகணும்?" இந்த ரெண்டு வார்த்தை கேட்டிருந்தா போதும். பிரிட்டன்ல சிக்னல் பட்டன் பெட்டிக்கு அடியில ஒரு குட்டிக் கூம்பு இருக்கும், நடக்கப் பச்சை வந்ததும் அது சுத்தும், விரல் வச்சா தெரியும்னு ஒரு தோழி சொன்னா. சத்தமும் வேணாம், யார் கையும் வேணாம். அதைத் தொட்டுப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு.

---

மஞ்சள் கட்டம்

சுருக்கமா. மஞ்சள் கோடு கட்டம் கட்டமா போட்ட ஜங்ஷன், அந்தப் பக்கம் இடம் இருந்தாதான் உள்ள நுழையணும். பிரிட்டன்ல 1967-லயே வந்த விதி. எங்க பஸ் அந்தக் கட்டத்து நடுவுல நின்னுச்சு, முன்னால போக இடமில்லை. சிக்னல் மாறிச்சு, நாலு பக்கமும் பூட்டு. கண்ணுக்கு எதிர்ல நான் மாறி ஏற வேண்டிய கடைசி பஸ், கதவைத் திறந்து, ஆளை ஏத்தி, விளக்கைப் போட்டுக் கிளம்பிப் போச்சு. முப்பது அடிதான் தூரம். "கதவைத் திறங்க"ன்னு கெஞ்சினேன். நடு ரோட்டுல திறக்க முடியாதுன்னுட்டார். அவர் சொன்னது சரிதான், அதனாலதான் இன்னும் ஆத்தாமையா இருக்கு.

---

பாதிச்சாலை

ஆம்பர் 3 சார் எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னிக்கு ராத்திரி "எத்தனை மீட்டர்னு சொன்னார்?"னு திரும்பக் கேட்டாங்க.

போன வாரம் மறுபடி போனோம். முதல்ல நான் மட்டும் போய் போன்ல நேரம் எடுத்தேன், பச்சை 16 செகண்ட். அந்தத் தூரத்தைக் கடக்க அம்மா 39 அடி எடுத்து வைக்கணும். ரெண்டையும் எழுதி மனு கொடுத்திருக்கேன், பதில் வரல. விரல் நுனி சொன்ன சத்தம் எங்க சிக்னல்லயும் இல்லை, அதையும் அதுல சேர்த்துட்டேன்.

இந்தத் தடவை நாங்க போறப்பவே பச்சை எரிஞ்சிட்டு இருந்தது. இறங்கல. அது முடிஞ்சு அடுத்த பச்சை விழுந்த நொடியில இறங்கினோம். அம்மா எண்ணைப் பார்க்கவே இல்லை, கைத்தடி முனையையே பார்த்துட்டு நடந்தாங்க. நடுத் திட்டைத் தாண்டினதும், தலையைத் தூக்காம, "எத்தனைடா இருக்கு?"ன்னாங்க.

"நிறைய இருக்கும்மா"ன்னேன். நாலு இருந்தது.