புதுப்பிப்பு: ஆற்றோரச் செம்பனைக்குச் சிவப்பு வளையம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தை (இப்போதைய பெயர் பெஸ்தாரி ஜெயா) செம்பனைத் தோட்டத்தில், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், எங்கள் லயத்துக்குப் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப்) பின்னால் ஓடும் சிற்றாற்றின் கரை சரிவதைப் போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். நீர் விளிம்பு வரை களைக்கொல்லி அடித்து மண்ணை மொட்டையாக்கியதுதான் காரணம் என்றும் கொதித்திருந்தேன்.

இப்போது பாதி நல்ல செய்தி. மருந்தடிப்பு நின்றுவிட்டது. கயிறு பிடித்து அளந்ததில் ஆற்றின் அகலம் 12 மீட்டர். 10 முதல் 20 மீட்டர் அகல ஆற்றுக்கு இருபுறமும் 20 மீட்டர் ஒதுக்கு நிலம் விட வேண்டும் என்கிறது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. அந்த எல்லைக்குள் நிற்கும் செம்பனைகளுக்குத் தோட்டத்தார் சிவப்பு வளையம் பூசிவிட்டார்கள்; இனி அங்கே உரமும் இல்லை, மருந்தும் இல்லை.

"மரங்களை வெட்டிவிடலாமே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். வேர் அழுகினால் கரை இன்னும் வேகமாகச் சரியும். மறுநடவு வரை அவை நிற்கட்டும், அடியில் புல்லும் புதரும் ஏறட்டும்.

"புதர் மண்டினால் பாம்பு வரும், தங்கச்சி" என்கிறார் கங்காணி அண்ணன். வரும்தான். ஆனால் இந்த நீர் சேரும் சிலாங்கூர் ஆற்றில், கம்போங் குவாந்தானில், பெரெம்பாங் என்னும் ஆற்றோர மரங்களில் மின்னும் மின்மினிகளின் புழுக்கள் கரையோர ஈர மண்ணில் நத்தை தின்றுதான் வளர்கின்றன. மொட்டைக் கரையில் அவற்றுக்கு என்ன இருக்கிறது?

கோயில் பக்கத்து வளைவு மட்டும் இன்னும் இடிகிறது. அங்கே வெட்டிவேர் நட்டிருக்கிறோம். இரண்டு வரிசையை ஆடு மேய்ந்துவிட்டது.