டெல்லி கோல் மார்க்கெட்டுக்கு கவுன்சிலர் யார்? என்டிஎம்சி, எம்சிடி குழப்பம்

கோல்மார்க்கெட்_குவார்ட்டர்ஸ்:
மந்திர் மார்க் பக்கம் அரசு குவார்ட்டர்ஸ். 2022 டிசம்பர்ல மாநகராட்சித் தேர்தல் நடந்தப்ப மயூர் விஹார், ஆர்.கே.புரம்னு எல்லாரும் ஓட்டுப் போட்டாங்க, இங்க பூத்தே கிடையாது. எம்எல்ஏ, எம்பி தேர்தலுக்கு மட்டும் ஓட்டு இருக்கு. எங்களுக்கு பார்ஷத் (கவுன்சிலர்) யார்? இல்லேன்னா என்டிஎம்சியில (நியூ டெல்லி நகராட்சி கவுன்சில்) உட்கார்ந்து முடிவெடுக்கிறது யார்? எப்போலேர்ந்து இப்படி?

பாலிகா_கேந்திரா:
உங்களுக்கு பார்ஷத் கிடையாது. பட்டியலில் பேர் விடுபடவில்லை, சட்டமே அப்படித்தான்.

டெல்லியின் 1,483 சதுர கிலோமீட்டரில் மூன்று உள்ளாட்சிகள் இருக்கின்றன. எம்சிடி (டெல்லி மாநகராட்சி) சுமார் 1,397, என்டிஎம்சி 42.7, கன்டோன்மென்ட் போர்டு (ராணுவக் குடியிருப்புப் பகுதியின் நிர்வாகம்) ஏறக்குறைய 43. எம்சிடியின் 250 வார்டுகளும் 68 சட்டமன்றத் தொகுதிகளுக்குள் அடங்கிவிடும். 70-ல் மிச்சம் இரண்டு: 40-வது நியூ டெல்லி, 38-வது டெல்லி கன்டோன்மென்ட். வாக்காளர் அட்டையில் இந்த இரண்டில் ஒன்று இருந்தால் மாநகராட்சி ஓட்டு இல்லை, அவ்வளவுதான். கன்டோன்மென்ட் போர்டுக்கு 8 வார்டு உண்டு, ஆனால் அங்கே கடைசியாக ஓட்டுப்பதிவு நடந்தது 2015 ஜனவரியில்.

என்டிஎம்சியின் வேர் 1913-ல். புதுத் தலைநகரைக் கட்ட அமைத்த இம்பீரியல் டெல்லி கமிட்டி அது. 1916-ல் ரைசினா முனிசிபல் கமிட்டி, 1927-ல் நியூ டெல்லி முனிசிபல் கமிட்டி. ஊர் வளர்ந்து நகராட்சி வந்ததல்ல, கட்டட வேலைக்குப் போட்ட அதிகாரிகள் குழு நகராட்சியானது. அந்தச் சுபாவம் இன்னும் போகவில்லை. இப்போது இருப்பது 1994-ம் ஆண்டுச் சட்டம். கவுன்சிலில் 13 பேர்: மத்திய அரசு நியமிக்கும் சேர்பர்சன், அதிகாரிகள் 5 பேர், வக்கீல், டாக்டர், வணிகர் போன்ற துறைகளிலிருந்து நியமனம் 4 பேர், மேலே சொன்ன இரண்டு தொகுதி எம்எல்ஏக்கள், நியூ டெல்லி எம்பி. ஆக, நீங்கள் ஓட்டுப் போட்டு உள்ளே அனுப்புவது எம்எல்ஏவையும் எம்பியையும் மட்டும்தான். 13-ல் 3 பேர், அதுவும் வேறு தேர்தலின் வழியாக.

நகராட்சி உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறதே அரசியலமைப்பின் 74-வது திருத்தம் என்று கேட்கலாம். யூனியன் பிரதேசங்களுக்கு அதை மாற்றங்களோடு பொருத்த 243ZB பிரிவு இடம் தருகிறது.

ஜனக்புரி_சி2:
பார்ஷத் இல்லாததால பெரிசா ஒண்ணும் இழக்கலைன்னு நான் சொல்வேன். எம்சிடி பார்ஷத் கையில என்ன இருக்குன்னு பாருங்க. 1958 ஏப்ரல் 7-ல எம்சிடி வந்தப்ப தண்ணி, கரண்டு, பஸ், தீயணைப்பு எல்லாமே அதுக்குக் கீழதான். 1971-ல பஸ் போச்சு, 1994-ல தீயணைப்பு டெல்லி அரசுக்குப் போச்சு. 1997-ல கரண்டு வித்யுத் போர்டுக்கு, 1998-ல தண்ணி ஜல் போர்டுக்கு. அப்புறம் 60 அடிக்கு மேல அகலமான ரோடும் பிடபிள்யூடிக்குப் போயிடுச்சு. மிச்சம் குப்பை, உள்தெரு, சின்ன சாக்கடை, பார்க், ஆரம்பப் பள்ளி, வீட்டு வரி. மெயின் ரோட்டுப் பள்ளத்துக்கு பார்ஷத்தைப் பிடிச்சா அவர் கையை விரிக்கிறது நியாயம்தான்.

நிர்வாக அதிகாரம் கமிஷனர்கிட்ட. மேயர் கூட்டம் நடத்துறவர், பதவி ஒரே வருஷம். அஞ்சு வருஷத்துல முதல் வருஷம் பெண்ணுக்கு, மூணாவது வருஷம் பட்டியல் சாதிக்கு ஒதுக்கீடு.

நிகம்_கணக்கன்:
ஜனக்புரி சார் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டார். மேயரைவிட எம்சிடியின் ஸ்டாண்டிங் கமிட்டி (நிலைக்குழு) முக்கியம். பெரிய ஒப்பந்தங்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் 18 பேர். 6 பேரை முழு அவை தேர்ந்தெடுக்கும், 12 பேர் மண்டலத்துக்கு ஒருவராக 12 வார்டு கமிட்டிகளிலிருந்து வருவார்கள்.

சிக்கல் எங்கே என்றால் ஆல்டர்மேன்களில். துணைநிலை ஆளுநர் நியமிக்கும் அந்தப் 10 பேருக்கு மேயர் தேர்தலில் ஓட்டில்லை (2023 பிப்ரவரி 17, உச்ச நீதிமன்றம்). ஆனால் வார்டு கமிட்டியில் ஓட்டு உண்டு. அவர்களை 12 மண்டலத்துக்கும் பரப்பாமல் நரேலா, சிவில் லைன்ஸ், சென்ட்ரல் மூன்றில் மட்டும் வைத்தார்கள். ஒரு மண்டலத்தில் இரண்டு மூன்று பேர் கூடினாலே பெரும்பான்மை புரண்டுவிடும், அதோடு ஸ்டாண்டிங் கமிட்டி இடமும் கைமாறும். மந்திரி சபையைக் கேட்காமலே ஆளுநர் நியமிக்கலாம் என்று 2024 ஆகஸ்ட் 5-ல் தீர்ப்பு வந்தது. அதுவரை கமிட்டியே இல்லாமல் கிடந்தது, கோப்புகள் தேங்கின.

மேயருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் 274 பேர்: 250 கவுன்சிலர், 7 மக்களவை எம்பி, 3 மாநிலங்களவை எம்பி, சபாநாயகர் அனுப்பும் 14 எம்எல்ஏ. கட்சித் தாவல் சட்டம் இங்கே செல்லாது. ஆகவே 2022 முடிவை (ஆம் ஆத்மி 134, பாஜக 104, காங்கிரஸ் 9, சுயேச்சை 3) வைத்து அடுத்த ஆண்டுகளைக் கணிக்க முடியாது. 2023 பிப்ரவரியில் மேயர் தேர்தல் 150-116, 2024 நவம்பரில் 133-130.

2012-ல் வடக்கு 104, தெற்கு 104, கிழக்கு 64 என்று மூன்றாகப் பிரித்ததையும் சொல்ல வேண்டும். கிழக்கில் வரி வருமானம் குறைவு, ஆட்களுக்குச் சம்பளம் நின்றது, குப்பை தெருவில் குவிந்தது. 2022 மே 22-ல் மறுபடி ஒட்டிவிட்டார்கள். 272 வார்டு 250 ஆனது அதோடுதான்.

கோல்மார்க்கெட்_குவார்ட்டர்ஸ்:
நன்றி. அப்போ புகார் கொடுக்கணும்னா? விலாசத்தை வெச்சு எது யாருதுன்னு எப்படிப் பிரிக்கிறது? பின்கோடு பார்த்தா குழம்புது.

பாலிகா_கேந்திரா:
பின்கோடு, 'நியூ டெல்லி' என்ற சொல் இரண்டையும் நம்பாதீர்கள். ஆர்.கே.புரம் விலாசத்தில் நியூ டெல்லி இருக்கும், இடமோ எம்சிடி. மின்கட்டண ரசீதைப் பாருங்கள். என்டிஎம்சி தன் எல்லைக்குள் மின்சாரமும் தண்ணீரும் தானே விநியோகிக்கிறது, பில் அதன் பேரில் வரும். பிஎஸ்இஎஸ் அல்லது டாடா பவர் பில் என்றால் பெரும்பாலும் எம்சிடி.

என்டிஎம்சி புகார் எண் 1533, எம்சிடிக்கு 155305. இரண்டுக்கும் தனித்தனி 311 ஆப். மாற்றிப் போட்டால் 'எங்கள் எல்லை அல்ல' என்று மூடிவிடுவார்கள்.

பிறப்புச் சான்றிதழில் மட்டும் வீட்டு விலாசம் கணக்கில்லை, குழந்தை பிறந்த இடம்தான் கணக்கு. ஆர்எம்எல் ஆஸ்பத்திரியில் பிறந்தால் வீடு மயூர் விஹாரில் இருந்தாலும் என்டிஎம்சியில்தான் வாங்க வேண்டும். எம்சிடி மண்டல அலுவலகத்தில் தேடினால் அந்தப் பதிவே இருக்காது.