வரைவு விதிக்கு ஆட்சேபணை: யாருக்கு, எப்போது, எப்படி எழுதுவது?

லேயர் பண்ணை, நாமக்கல்

மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960இன் கீழ் புது விதி வருகிறது என்பதே எங்கள் சங்கத்துக்கு வாட்ஸ்அப் பார்வர்டில்தான் தெரிகிறது. அதற்குள் அவகாசம் முடிந்துவிடுகிறது. வரைவு எங்கே வெளியாகும்? ஆட்சேபணைக்குத் தரும் 30 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்? உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எடுபடுமா? தவறவிட்டால் வேறு வழி உண்டா?

கெசட் வாசகர்

முதலில் ஒன்று: இந்தச் சட்டத்தில் விதி போடும் அதிகாரம் பிரிவு 38இன்படி மத்திய அரசுக்கு மட்டுமே. மாவட்ட ஆட்சியருக்கும் சென்னைத் தலைமைச் செயலகத்துக்கும் மனு கொடுப்பது வீண். 2019 முதல் இந்தச் சட்டம் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் இல்லை; மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வள அமைச்சகத்திடம் இருக்கிறது. பழைய அமைச்சகத்துக்கு மனு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் சங்கங்கள் இன்றும் உண்டு. விலங்குகள் நல வாரியம் விதி போடாது. பிரிவு 9இன்படி அரசுக்கு ஆலோசனை சொல்லும், அவ்வளவுதான். வாரியத்தின் சுற்றறிக்கை வேறு, விதி வேறு.

பிரிவு 38இலேயே ‘முன்கூட்டியே வெளியிட்டு’ என்ற நிபந்தனை இருக்கிறது. அதற்கான நடைமுறை பொது உட்பிரிவுகள் சட்டம், 1897இன் பிரிவு 23இல் உள்ளது. வரைவை வெளியிட வேண்டும், எந்தத் தேதிக்குப் பின் பரிசீலிப்போம் என்று சொல்ல வேண்டும், அதற்கு முன் வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். எத்தனை நாள் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. வழக்கமாக 30 நாள் தருகிறார்கள்.

பார்க்க வேண்டிய இடம் மத்திய அரசிதழின் இணையப் பதிப்பான இ-கெசட் தளம்: அசாதாரண இதழ், பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு (i). விதிகள் ஜி.எஸ்.ஆர். (பொதுச் சட்ட விதிகள்) எண்ணோடு அங்கேதான் வரும். பிடிஎஃபின் முன்பாதி இந்தி, ஆங்கிலம் பின்பாதியில். தமிழில் வராது. வாரம் ஒரு முறை ஒருவர் பார்த்தால் போதும்.

நாள் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வரைவில் பொதுவாக இருக்கும் வாசகம் ‘கெசட் பிரதிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்த நாளிலிருந்து’ என்பது. அந்த நாள் பிடிஎஃபில் இருக்காது. இறுதி விதியின் முன்னுரையில்தான் தெரியும். ஆகவே கெசட்டில் அச்சான தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

கால்நடை மருத்துவர்

கையெழுத்து மனுவைப் பற்றி: கோப்பில் ‘ஒரே மாதிரியான மனுக்கள்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். விதி எண், அதில் இருக்கும் வாசகம், நீங்கள் கேட்கும் மாற்று வாசகம், காரணம் என்று ஒவ்வொரு உட்பிரிவுக்கும் தனித்தனியாக எழுதினால்தான் அதிகாரி அட்டவணையில் ஏற்றுவார். மாற்று வாசகம் இல்லாத ஆட்சேபணை வெறும் புலம்பல்.

உங்கள் தொழிலிலிருந்தே எடுத்துக்கொள்வோம். 2019இல் வந்த முட்டைக்கோழி வரைவில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர செ.மீ. இடம் கேட்டார்கள். 15க்கு 18 அங்குலக் கூண்டு என்றால் தரைப்பரப்பு சுமார் 1,742 சதுர செ.மீ. நான்கு கோழி விட்டால் தலைக்கு 435. மூன்று விட்டால் 580. ஆக, அதே ஷெட்டில் கோழி எண்ணிக்கை கால்வாசி குறைகிறது. ஒரு லட்சம் கோழிப் பண்ணை 75,000 ஆகும். ‘வாழ்வாதாரம் பாதிக்கும்’ என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த நாலு வரிக் கணக்கு கனமானது.

ஆனால் 550ஐயே குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஏ4 தாளின் பரப்பு 624 சதுர செ.மீ.; அதைவிடச் சின்ன இடத்தை அதிகம் என்று வாதாடினால் எதிர்த்தரப்பு சிரிக்கும். சட்ட ஆணையமும் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் பேட்டரிக் கூண்டுகளுக்கு (வரிசையாக அடுக்கிய சிறு கம்பிக் கூண்டுகள்) எதிராகத்தான் பேசியது. காலக்கெடுவைக் கேளுங்கள்: இயங்கும் பண்ணைகளுக்கு எத்தனை ஆண்டு, ஓடிக்கொண்டிருக்கும் பேட்ச் கழியும்வரை விலக்கு உண்டா, புதுக் கூண்டுக்கு மட்டும் உடனடியாகவா. லேயர் பேட்ச் 72 முதல் 80 வாரம் ஓடும் என்பதை அதில் காட்டுங்கள்.

லேயர் பண்ணை, நாமக்கல்

நன்றி டாக்டர். ஜல்லிக்கட்டுக்குச் செய்ததுபோல மாநில அரசே மாற்றித் தர முடியாதா?

வழக்கறிஞர், மதுரை

முடியும், ஆனால் அது வேறு வாசல். மிருகவதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய ஒத்திசைவுப் பட்டியலின் 17ஆம் பதிவு. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமானால் அரசியலமைப்பின் 254(2)இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். ஜல்லிக்கட்டில் காளைகளை, காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் சேர்த்த 2011 அறிவிப்பு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 22இன் கீழ் வந்தது. அந்த வகை அறிவிப்புக்கு வரைவே தேவையில்லை. 2016 ஜனவரியில் மத்திய அரசு விலக்கு அறிவித்தபோது உச்ச நீதிமன்றம் சில நாட்களிலேயே தடை போட்டது. பிறகு 2017 ஜனவரியில் அவசரச் சட்டம், சட்டமன்றத் திருத்தம், ஒப்புதல். 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. கூண்டு அளவுக்காக அத்தனை அரசியல் அழுத்தம் திரளாது.

தவறவிட்டவர்களுக்கு: பொது உட்பிரிவுகள் சட்டத்தின் பிரிவு 23(5)இன்படி, முன்வெளியீட்டுக்குப் பின் செய்த விதி என்று கெசட்டில் வந்துவிட்டால், அது முறைப்படி செய்யப்பட்டதற்கு அதுவே முடிவான சான்று. ‘எங்கள் மனுவைப் படிக்கவில்லை’ என்று வழக்குப் போட்டால் இங்கேதான் இடிக்கும். விதி தன் தாய்ச் சட்டத்தை (இங்கே மிருகவதைத் தடுப்புச் சட்டம்) மீறுகிறது என்ற வாதம் மட்டும் திறந்தே இருக்கிறது.

2017 மே 23 அன்று வந்த கால்நடைச் சந்தை விதிகளைப் பாருங்கள். மாட்டை இறைச்சிக்காக விற்கவில்லை என்று சந்தைக்குக் கொண்டுவருபவர் எழுதித்தர வேண்டும் என்றது விதி 22. உணவுக்காகக் கொல்வதை, தேவையற்ற வலி தராதவரை, தாய்ச் சட்டத்தின் பிரிவு 11(3) குற்றமாகவே கருதவில்லை. ஒரே வாரத்தில், மே 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை தந்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அந்த விதிகளுக்கும் ஜனவரியிலேயே வரைவு வந்திருந்தது. அப்போது கவனித்தவர்கள் குறைவு.

இன்னொரு வழி: தாய்ச் சட்டத்தின் பிரிவு 38-ஏயின்படி விதிகளை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் 30 நாள் வைக்க வேண்டும், அவைகள் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். ரத்து நடப்பது அபூர்வம். ஆனால் இரு அவைகளிலும் இப்படி அரசு போடும் விதிகளை ஆராயும் சார்நிலைச் சட்டக் குழு இருக்கிறது. அதற்கு உங்கள் எம்.பி. மூலம் எழுதுங்கள்.

கெசட் வாசகர்

விட்டுப்போன ஒன்று: ஆட்சேபணையை வரைவில் தந்திருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், அதில் உள்ள துறை முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். தபால் கடைசித் தேதிக்கு முன் அங்கே *சேர்ந்திருக்க* வேண்டும். நீங்கள் அனுப்பிய தேதி கணக்கில் வராது. இறுதி விதி வந்ததும் 10 ரூபாய் கட்டி ஆர்டிஐயில் ‘பெறப்பட்ட ஆட்சேபணைகள், ஒவ்வொன்றின் மீதும் எடுத்த முடிவு’ என்ற அட்டவணையின் நகலைக் கேளுங்கள். அடுத்த திருத்தத்துக்கு எழுதும்போது அந்த நகல் கையில் இருக்கட்டும்.