கிளினிக் கவுண்டரும் பெரட்டு மணியும்

கோயில்வாசல்:
நம் தோட்டப் பட்டணத்து அரசாங்கக் கிளினிக்கில் போதைக்காரர்களுக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்து கொடுக்கிறார்கள். எதிரே தமிழ்ப்பள்ளி. ஓய்வு மணி அடித்துப் பிள்ளைகள் வேலியோரம் வரும்போது அந்தப் பக்கம் பத்து மோட்டார் சைக்கிள் நிற்கிறது, ஆளுக்கொரு சிகரெட். சில இடங்களில் ஊசியும் இலவசமாமே? போதைக்கு அரசாங்கமே பந்தி வைக்குமா? கவுண்டரை மாற்றச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள்.

பால்மரம்:
நான் போடுகிறேன். முன்பெல்லாம் பிடித்து உள்ளே தள்ளினார்கள், ஊர் சுத்தமாக இருந்தது.

மருந்துக்கவுண்டர்:
வேறு மாவட்டத்தில் இதே கவுண்டரில்தான் எனக்கு வேலை. அண்ணே, அது ஊசி இல்லை, சிரப். சின்னக் கப்பில் ஊற்றிக் கொடுப்போம். எங்கள் கண் முன்னால் குடித்து, தண்ணீர் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகவேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய் விற்கக்கூடாது அல்லவா. ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கி உடம்பை முறுக்கும். மெத்தடோன் ஒரு நாள் தாங்கும். அதனால்தான் அந்த ஆள் அடுத்த ஊசிக்கு அலையாமல் செம்பனைக் குலை வெட்டப் போக முடிகிறது.

2002இல் மட்டும் மலேசியாவில் ஏறக்குறைய 7,000 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. கண்டார்கள். பெரும்பாலோர் ஊசியைப் பகிர்ந்தவர்கள். 2005 கடைசியில் மெத்தடோன் வந்தது, 2006இல் பழைய ஊசிக்குப் புது ஊசி மாற்றும் திட்டம். பத்து வருஷத்தில் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

கோயில்வாசல்:
அப்போது ஹெராயின் பொடி. இப்போது எல்லாம் ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின், தங்கச்சி. ஊசியே இல்லாமல் புகைக்கிறான்கள். அதற்கு உன் சிரப் கேட்குமா? மூன்றாவது லயத்து [நீக்கப்பட்டது] மகன் ஐஸ்தான் அடிக்கிறான், ஊருக்கே தெரியும்.

மட்டுறுத்துநர்:
யார் வீட்டுப் பிள்ளையையும் இங்கே அடையாளம் காட்டாதீர்கள். இன்னொரு முறை என்றால் இழையைப் பூட்டிவிடுவேன்.

மருந்துக்கவுண்டர்:
கேட்காது. மெத்தடோன் ஹெராயின் வகைக்கு மட்டும்தான். ஐஸுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இன்னும் கிடையாது, ஆலோசனைதான் வழி. அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது புதிய எச்.ஐ.வி. தொற்றில் பெரும்பங்கு உடலுறவு வழியாக வருகிறது. ஐஸ் ஏறிய ராத்திரியில் ஆணுறை யாருக்கு ஞாபகம் வரும்? ஆக, கவுண்டரைத் துரத்திவிட்டால் அந்த ஆளை இரத்தப் பரிசோதனைக்கு எங்கே பிடிப்பீர்கள்?

பால்மரம்:
புனர்வாழ்வு நிலையம் எதற்கு இருக்கிறது?

லயத்துப்பிள்ளை:
என் சின்ன மாமா போனார். போதைக்காரர்களைப் புனர்வாழ்வுக்கு அனுப்பும் 1983 சட்டப்படி இரண்டு வருஷம். நிலையத்தில் சமையல் கற்றார், உடம்பு தேறி வந்தார். வந்த நாலாம் நாள், பழைய நினைப்பில் பழைய அளவையே ஏற்றிக்கொண்டார். இரண்டு வருஷம் தொடாத உடம்பு தாங்கவில்லை. பாட்டி தண்ணீர் அள்ளப் போனபோது குளியலறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஊர் சுத்தமாக இருந்தது என்கிறீர்களே பால்மரம், அந்தச் சுத்தம் எங்கள் வீட்டில் இப்படித்தான் வந்தது.

இப்போது என் அண்ணன் அதே கவுண்டரில் நிற்கிறான், ஆறு வருஷமாக. சிகரெட் பிடிக்கும் பத்துப் பேரில் ஒருவன். ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் தெரியுமா? தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டு விடிகாலை ஆறு மணிக்கு. கிளினிக் கவுண்டர் எட்டு மணிக்கு. பெரட்டுக்குப் போனால் மருந்து இல்லை, மருந்துக்கு நின்றால் அன்றைய கூலி இல்லை. நடுவில் காச நோய் மருந்து வேறு ஆரம்பித்தார்கள். மெத்தடோன் பத்தவில்லை, மத்தியானமே உடம்பு நடுங்குகிறது என்றான். நடிக்கிறான் என்று அம்மா திட்டினார்.

மருந்துக்கவுண்டர்:
நடிப்பில்லை தம்பி. காச நோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மெத்தடோனைச் சீக்கிரம் கரைத்துவிடும், அளவைக் கூட்டவேண்டி வரும். உடனே டாக்டரிடம் சொல்லச் சொல். ஒழுங்காக வருபவர்களுக்குச் சில நாள் மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்புவதும் உண்டு. அதையும் கேட்கட்டும். மூன்று நாள் விட்டுப்போனால் மட்டும் பழைய அளவைத் தானாகக் குடிக்கக்கூடாது.

கோயில்வாசல்:
மாமா விஷயம் தெரியாது தம்பி. மன்னித்துக்கொள்.

ஆனாலும் பள்ளி வேலிக்கு எதிரே சிகரெட் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. மனுவை மாற்றி எழுதுகிறேன். கவுண்டர் அங்கேயே இருக்கட்டும், உட்கார ஒரு கொட்டகை பின்பக்கம் போடட்டும், காலை ஐந்தரைக்குத் திறக்கட்டும். தோட்டத்து மேனேஜருக்கும் ஒரு நகல் அனுப்பலாமா?

லயத்துப்பிள்ளை:
மேனேஜருக்கு வேண்டாம் அண்ணே. யார் யார் குடிக்கிறார்கள் என்று பட்டியல் கேட்பார்.

பால்மரம்:
ஐந்தரைக்குத் திறக்க எந்த அரசாங்க ஆள் வருவான்? நான் கையெழுத்தை எடுத்துவிடுகிறேன், இரண்டிலும்.